தவறிய இடங்கள்

முதல் கை ரப்பரால் ஆனது.
அதற்குப் பெயரில்லை, பயமில்லை.
எங்கே குத்தினாலும் சிவப்புத் தண்ணீர் வந்தது.
ஒரு கிழமை முழுக்க நான் கெட்டிக்காரி.

இரண்டாவது கை ஹஸ்மியாவினது.
கிண்ணியாக்காரி, விடுதியில் பக்கத்துக் கட்டில்.
என் ஊசி அவளுக்குள் போய்
ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.
"எதிலயாவது முட்டுதா?" என்றாள் பல்லைக் கடித்தபடி.
முட்டவில்லை.
பிறகு நான் நீட்டினேன், அவள் தவறினாள்.
அன்றிரவு இருவருமே
ஐஸ்கட்டியை வலது கையில் கட்டிக்கொண்டு
பாணையும் சம்பலையும் இடது கையால் தின்றோம்.
வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

மூன்றாவது, உயிருள்ள நோயாளியின் கை.
மரியநாயகம், முப்பத்தைந்து வயது,
கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவர்.
புறங்கையில் கயிறு கயிறாக நரம்பு.
இருட்டிலும் ஏற்றலாம் என்றார்கள்.
அங்கேதான் தவறினேன்,
மூன்று தரம்.
தடித்த நரம்பு உருளும், தோலை இழுத்துப் பிடி:
புத்தகத்தில் இருந்தது,
பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.
கை மட்டும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை.
அவர் கோபிக்கவில்லை.
"மீனில்லாத இடத்தில வலை போடுறீங்க, மிஸ்ஸி"
என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உட்துறைமுக வீதிக் கடையில்
ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன்.
ஏற்றியதை எழுதுவதில்லை,
தவறியதை மட்டும்.
திகதி, எந்தக் கை, என்ன நிறக் கனுலா, ஏன்.
"ஏன்" என்பதற்குக் கீழே முதல் பக்கங்களில்
தெரியாது
தெரியாது
நோயாளி அசைந்தார்
தெரியாது.
(அசைந்தது நான். பிறகு வெட்டித் திருத்தினேன்.)

மூதூர் பஸ்ஸில் முகங்கள் இல்லாமல் போயின.
மேல்கம்பியைப் பிடித்த கைகள் மட்டும்.
இவருக்குப் பச்சையே போகும்.
இவளுக்கு முழங்கைக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே.
இந்த ஒல்லி வாத்தியாருக்கு மணிக்கட்டில் போடக்கூடாது, நோகும்.
"என்ன பாக்கிறியள்?" என்று
ஒருவர் சேட்டுக் கையை இழுத்துவிட்டார்.
கோட்டை வாசலில்
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்ற மானின் காதில்
பின்வெயில் விழுந்து
சிவப்பாய்க் கிளை கிளையாய்ப் பிரிந்தது.
அதையும் நின்று பார்த்தேன்,
எந்தக் கிளை நேராக ஓடுகிறதென்று.

மின்சாரம் போன ஒரு இரவில்தான்
கண் இவ்வளவு நாளும் குறுக்கே நின்றது தெரிந்தது.
விரல்நுனியை வைத்து அழுத்தி, விட்டேன்.
தசை அப்படியே கிடந்தது.
நரம்பு மட்டும்
அமுக்கிய இடத்தில் மெல்லத் துள்ளி
மேலே வந்தது.

இந்தத் துறைமுகத்தின் ஆழத்தை
ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான்
முதலில் யாரோ அளந்திருப்பார்கள்.
தரை தட்டிய இடங்களையும் குறித்திருப்பார்கள்,
இல்லாவிட்டால் அது வரைபடமே இல்லை.
என் கொப்பியில் அதற்குள் நாற்பத்தொரு பக்கம்.

மார்கழி, டெங்கு வாட்டு.
தம்பலகாமத்திலிருந்து வந்த பதினொரு மாதக் குழந்தை.
வீங்கிய கை, மாவு உருண்டை மாதிரி.
மற்றவர்கள் நாலு தரம் முயன்று விட்டிருந்தார்கள்.
தாய் என்னைப் பார்க்கவில்லை,
என் ஊசியைப் பார்த்தாள்.
மஞ்சளை எடுத்தேன்.
நான் யோசித்து முடிக்க முதல்
கை போய் வந்துவிட்டது.
கனுலாவின் அடியில்
கடுகளவு இரத்தம் எட்டிப் பார்த்தது.

"எப்பிடிடீ?" என்றாள் ஹஸ்மியா.
சொல்லத் தெரியவில்லை.
கொப்பியைத் திறந்து மூடினேன்.
இதை எழுத அதில் கட்டமில்லை.

மறுநாள் காலை, ஏழாம் கட்டில்.
கல்லுடைக்கும் வாலிபன், சுண்டுவிரல் தடிப்பில் நரம்பு,
ஒரு குத்தில் முடிய வேண்டியது.

இடது கை. நீலம்.
ஏன்:
நேற்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.